பிறநாடும் பிறந்த ஒழுங்கையும்

கல்லூரி மலருக்குக் கட்டுரை தருமாறு கேட்கப்படும் பழைய மாணவர் பெரும்பாலும் இரண்டிலொன்றையே செய்வர். ஒரு சாரார் தம் ஆசிரியர்களின் கண்டிப்பையும் கனிவையும் நினைந்து உருகி எழுதுவர். மற்றொரு சாரார் தாம் கண்ட பிறநாடுகளை வருணித்து எழுதுவர். முதலாவதை நாம் குறை கூறோம். நன்றி மறவாமை நல்லதே. இரண்டாவதைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம். பழைய மலர்கள் சிலவற்றை அண்மையிற் புரட்டியபோது, நாமே பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய பயணக் கட்டுரை ஒன்று கையில் அகப்பட்டது. அதனைப் படித்து முடித்தபோது எமக்கு உண்டானது நாணமே. கோபுரத்தின் உயரம் அங்கே உண்டு. பாலத்தின் நீளம் உண்டு. பனி பெய்த காலையின் வெண்மை உண்டு. 'கண்கொள்ளாக் காட்சி' என்னும் தொடர் 4 இடங்களில் உண்டு. எழுதியவர் எந்த மண்ணிற் பிறந்தவர், அக்காட்சிகளைக் கண்டதனால் அவர் எண்ணத்தில் யாது மாறிற்று என்பது மாத்திரம் இல்லை. உல்லாசப் பயணிகளுக்கு இலவசமாக வழங்கப்படும் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கி அனுப்பியிருந்தாலும் ஒருவரும் வேறுபாடு கண்டிரார்.

இது எம்மோடு நிற்கும் குறையாயின் இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. இத்தகைய கட்டுரைகளைப் படித்து வளரும் மாணவனின் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றுகின்றது. சிந்திக்கத்தக்கனவும் எழுதத்தக்கனவும் யாவும் கடலுக்கு அப்பால் உள்ளன. தன் வீட்டுப் படலையிலிருந்து கல்லூரி வாயில் வரையுள்ள வழியில் யாதுமில்லை என்பதே அவ்வெண்ணம். 1983 ஆம் ஆண்டின் பின் எம்மவர் உலகெங்கும் சிதறியதனால் இன்று இவ்வெண்ணம் முன்னரினும் வலுப்பெற்றுள்ளது. இலண்டனிலோ பாரிசிலோ றொறன்ரோவிலோ உறவினர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். அவர்கள் அனுப்பும் படங்களை நாள்தோறும் காணும் பிள்ளை, 'உன் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுது' என்று ஆசிரியர் கூறினால், 'இங்கே என்ன இருக்கிறது, சேர்?' என்று கேட்கின்றான். அவனை நாம் நோவதற்கில்லை. அவனுக்கு அவ்வாறு கற்பித்தவர்கள் நாமே.

உள்ளத்தைத் தூண்டி எழச்செய்யும் ஊக்கம் எங்கே பிறக்கின்றது என்னும் வினாவுக்கு நூல்களிலிருந்து விடை கூறலாம். நாம் கண்ட ஒரு வீட்டையும், காணாமல் இருந்த ஒரு கிணற்றையும் கொண்டு விடை கூற முயல்கின்றோம்.

வீடு இங்கிலாந்தில் உள்ளது. இலண்டனுக்குத் தென்கிழக்கே அந்நாளிற் கென்ற் பகுதியைச் சேர்ந்திருந்த டவுண் என்னும் சிற்றூரில், சாள்ஸ் டார்வின் 1842 ஆம் ஆண்டு குடிபுகுந்து, 1882 ஆம் ஆண்டு தாம் இறக்கும்வரை 40 ஆண்டுகள் வாழ்ந்த இல்லம் அது. நாம் அந்நாட்டில் 26 ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே அங்கே சென்றோம் என்பதையும் மறையாது கூறிவிடுகின்றோம். 1999 ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறொம்லியிலிருந்து சிறிய பஸ்வண்டி ஒன்றில், வேலிகள் இருமருங்கும் உராய்கின்ற ஒடுங்கிய வழியே போனோம். அவ்வழி எமது ஒழுங்கைகளை நினைவூட்டியது. அங்கே பெரிய அரண்மனையை எதிர்பார்த்தவர்க்கு ஏமாற்றமே உண்டாகும். எழுத்தறையில் ஒரு சாய்வு நாற்காலி, அதன் கைகளின்மேல் வைத்து எழுதுவதற்கு ஒரு பலகை, கால்களில் உருளைகள். தோட்டத்தின் கோடியில் ஒரு சிறு தோப்பைச் சுற்றி மணற்பாதை. அதனை நாள்தோறும் அவர் சுற்றி வருவார். எத்தனை சுற்று என்று மறவாதிருக்கத் தொடக்கத்திற் சில கற்களைக் குவித்து வைத்துச் சுற்றுக்கொன்றாகக் காலால் எற்றி விடுவாராம். நம்மூர்க் கோயில் வீதியைச் சுற்றும் முதியவர்களை எண்ணி நாம் சிரித்துக்கொண்டோம்.

டார்வின் என்றவுடன் எல்லோரும் அவருடைய கடற்பயணத்தையே கூறுவர். 1831 ஆம் ஆண்டு மார்கழி 27 ஆந் திகதி 'பீகிள்' என்னும் கப்பலிற் புறப்பட்ட போது அவருக்கு வயது 22. உலகைச் சுற்றிக்கொண்டு 1836 ஆம் ஆண்டு ஐப்பசி 2 ஆந் திகதி திரும்பினார். அதன் பின் தம் நாட்டை விட்டு ஒரு முறையேனும் அவர் வெளியே செல்லவில்லை. இதனை நாம் அன்றுதான் நன்றாக எண்ணிப் பார்த்தோம். 5 ஆண்டுகள் திரிந்தார். 45 ஆண்டுகள் இருந்தார்.

அப்பயணத்திலேதான் பெரும் உண்மை அவருக்குப் பளிச்சிட்டது என்று பாடநூல்களிற் படித்திருக்கின்றோம். நடந்தது அவ்வாறன்று. கலப்பாகொஸ் தீவுகளில் 1835 ஆம் ஆண்டு ஏறத்தாழ 5 வாரம் தங்கியபோது, பின்னாளிற் பெரும் புகழ் பெற்ற அச்சிறு குருவிகளை அவர் சேகரித்தார். ஆயின் எந்தக் குருவி எந்தத் தீவிலிருந்து பிடிக்கப்பட்டது என்று குறித்து வைக்கத் தவறிவிட்டார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எத்தீவினது என்று தம்மாற் கூறமுடியும் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் சொன்னார்; அதனையும் அப்போது அவர் பெரிதாக எண்ணவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை வழியிலே கறியாக்கி உண்டார்கள். ஓடுகள் கடலுக்குப் போயின. 1837 ஆம் ஆண்டு இலண்டனில், பறவையியல் அறிஞராகிய ஜோன் கூல்ட் அக்குருவிகளைப் பரிசோதித்து, வெவ்வேறு இனத்தவை என்று டார்வின் எண்ணியிருந்தவை யாவும் நெருங்கிய ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று கூறிய பிறகே டார்வின் திடுக்கிட்டார். பின்னர் கப்பற்றலைவர் முதலியோர் தத்தமக்கெனச் சேர்த்து வைத்த குருவிகளைக் கேட்டு வாங்கித் தம் பிழையைத் திருத்த முயன்றார். கண்ணெதிரே கண்டபோது தோன்றாதது, வீட்டுக்கு வந்து ஒருவர் கேட்ட கேள்வியினால் தோன்றியது. உலகப் புகழ் பெற்ற அப்பயணியும் எம்மைப்போலவே பார்க்காமற் பார்த்துவிட்டு வந்தார் என்று அறிந்தபோது எமக்குச் சிறிது ஆறுதலும் உண்டாயிற்று.

அவருடைய மண்புழுக் கதையே எம்மை அவ்வில்லத்தில் அதிக நேரம் நிற்கச் செய்தது. அவர் கப்பலேறுவதற்குத் தந்தையார் உடன்பட்டாரல்லர். அவரை இணங்கச் செய்தவர் தாய்மாமனாகிய யோசையா வெட்ஜ்வுட். (பின்னர் அம்மாமன் மகளையே டார்வின் மணந்தார், இவ்விடயத்தில் அவர் நம்மவரே.) பயணம் முடிந்து வந்த மருமகனை அதே மாமன் 1837 ஆம் ஆண்டு தம் வயலுக்கு அழைத்துச் சென்று, பல ஆண்டுகளுக்கு முன் நிலத்தின்மேல் தூவிய சுண்ணாம்பும் சாம்பற்கட்டியும் இப்போது சில அங்குலங்களுக்குக் கீழே கிடப்பதைக் காட்டி, இது மண்புழுக்களின் வேலையாக இருக்கலாம் என்றார். உலகைச் சுற்றிவர வழிவிட்டவரும் அவரே. காலடி மண்ணைக் காட்டியவரும் அவரே. அந்த ஒரு சொல்லை டார்வின் 44 ஆண்டுகள் விடவில்லை. 1842 ஆம் ஆண்டு மார்கழியில் வீட்டுக்கு அருகே ஒரு வயலில் வெண்சுண்ணக் கற்களை உடைத்துப் பரப்பினார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871 ஆம் ஆண்டு அங்கே ஓர் அகழ் வெட்டிப் பார்த்தபோது, அக்கற்கள் 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்தன. புழுக்களைச் சாடிகளில் வளர்த்து எழுத்தறையில் வைத்தார். மகனைக் குழல் ஊதச் செய்து அவற்றுக்குச் செவிப்புலன் உண்டோ என ஆராய்ந்தார். பியானோவின் ஒலியைப் பொருட்படுத்தாத புழுக்கள், அப்பியானோவின் மீதே சாடியை வைத்துச் சுரத்தை எழுப்பியபோது அதிர்வுணர்ந்து வளைக்குள் ஒளித்ததைக் குறித்து வைத்தார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் சென்று மேலே வருகின்றது என்று கணக்கிட்டு, 1881 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதுவே அவருடைய இறுதி நூல். அடுத்த சித்திரையில் அவர் மறைந்தார்.

இவ்வளவையும் அவர் தனித்திருந்து செய்தாரா என்றால், இல்லை. அவ்வில்லத்துக்கு நாள்தோறும் தபால் வந்தது. அவர் எழுதியனவும் பெற்றனவுமாக இன்று அறியப்பட்டுள்ள கடிதங்கள் 15,000 க்கு மேற்பட்டவை. எழுதியவரும் பெற்றவரும் ஏறத்தாழ 2,000 பேர். அவருள் பேராசிரியரும் உளர், புறா வளர்ப்போரும் உளர், தோட்டக்காரரும் உளர். இமயமலைச் சாரலிற் செடி தேடித் திரிந்த ஹூக்கர் அவருடைய உயிர்நண்பர். எமது பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த துவெயிற்சும் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டவர். இலங்கையிற் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் வடித்தன என்று டெனன்ற் எழுதியதையும் டார்வின் விட்டாரல்லர். 1872 ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அதனை எடுத்தாண்டுள்ளார். மலாயத் தீவுகளில் அலைந்த வலஸ் என்னும் ஏழைச் சேகரிப்பாளர், டார்வின் 20 ஆண்டுகள் மனத்திற் பொத்தி வைத்திருந்த அதே கருத்தைத் தாமாகவே கண்டு, 1858 ஆம் ஆண்டு அவருக்கே எழுதியனுப்பினார். பகை மூண்டிருக்க வேண்டிய இடம் அது. இருவர் எழுத்தும் ஒரே நாளில் ஒரே சபையில் வாசிக்கப்பட்டன. வலஸ் பின்னர்த் தமது பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். இக்கடிதங்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளவை யாவை? விதை எத்தனை நாள் உவர்நீரிற் கிடந்தும் முளைக்கும்? உங்கள் ஊர்ப் புறாவின் வாலில் எத்தனை இறகு? இவ்வாறான சில்லறைக் கேள்விகளே.

கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருந்த கடிதம் ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, எம் நெஞ்சில் ஏதோ தைத்தது. எமக்கும் ஒருவர் இவ்வாறே எழுதிக்கொண்டிருந்தார். நாம் அவருக்கு விடையெழுதவில்லை.

அவர் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். கணக்கில் எம்மினும் கெட்டிக்காரர். பத்தாம் வகுப்பிற் படிக்கும்போது தந்தையார் இறந்துவிட, கல்லூரியை விட்டுக் கோண்டாவிற் பக்கத்திலுள்ள பத்துப் பரப்புத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டார். நாம் படித்து, 1973 ஆம் ஆண்டு கப்பலேறாமல் விமானமேறி இலண்டன் சென்றோம். அவர் வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவார். வீட்டுச் செய்தி, வெங்காய விலை, பின்பு ஒரு வரி: 'இம்முறை தைப்பொங்கலன்று கட்டிலிருந்து தண்ணீர் 15 அடி.' ஆவணிக் கடைசியில் எழுதும் கடிதத்தில், 'தண்ணீர் 23 அடி.' ஆண்டுதோறும் இதே வரி. நாமோ அவருக்கு அரும்பொருட் காட்சிச் சாலைகளைப் பற்றியும் சுரங்க இரயிலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். அவருடைய அந்த ஒரு வரியை, உலகம் அறியாத ஒருவரின் வெகுளித்தனம் என்றே எண்ணினோம். ஒருமுறை எம் வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு அதனை வாசித்துக் காட்டிச் சிரித்ததும் உண்டு. இதனை எழுதும்போது கை கூசுகின்றது. எனினும் எழுதத்தான் வேண்டும்.

1978 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'நீ நாள்தோறும் பாலத்தாற் கடந்து வேலைக்குப் போகிறேன் என்கிறாயே, அந்த ஆற்றுக்கு வற்றுப்பெருக்கு உண்டோ? உண்டாயின் எத்தனை அடி?' அதற்கும் நாம் விடையெழுதவில்லை. உண்மையில் எமக்குத் தெரியாது. அப்பாலத்தின் நீளம் எமக்குத் தெரியும். கட்டிய ஆண்டு தெரியும். கீழே ஓடுகின்ற நீர் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று ஒருநாளேனும் நின்று பார்த்தோமல்லேம். பின்பு போர்க்காலத்தில் தபால் தடைப்பட்டது. தடை நீங்கிய காலத்திலும் எமது கை எழவில்லை.

2011 ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது அவரைத் தேடிச் சென்றோம். வேப்பமர நிழலில் இருத்தித் தேநீர் தந்தார். கிணற்றைப் பற்றி நாமே பேச்செடுத்தோம். அவர் பேத்தியை அழைத்து உள்ளேயிருந்து 3 கொப்பிகளை எடுப்பித்தார். 1969 ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்கு இரு முறை, கல் கட்டிய கயிற்றைக் கிணற்றுக்கட்டிலிருந்து நீர்மட்டம் வரை இறக்கி அளந்த கணக்கு முழுவதும் அங்கே இருந்தது. ஏன் அளக்கத் தொடங்கினீர் என்று கேட்டோம். அவ்வாண்டிலேதான் அவர் துலாவை விட்டு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினாராம். 'இந்த மோட்டர் கிணற்றைக் குடித்துவிடும்' என்று அவருடைய தாயார் சொன்னாராம். தாயார் சொல்வது சரியோ பிழையோ என்று பார்ப்பதற்காகவே தொடங்கினாராம்.

எமது குடாநாட்டின் நிலைமையை அறிந்தவர்க்கு இக்கேள்வியின் பெருமை விளங்கும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறும். தோட்டத்துக்கு இடும் உரத்திலுள்ள நைத்திரேற்றும் அதே நீரிற் கலக்கின்றது. குடிநீருக்கு உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிக்கிராமாயிருக்க, எமது தோட்டப் பகுதிகளின் பல கிணறுகள் அதனைக் கடந்துவிட்டன என ஆய்வாளர் கண்டுள்ளனர். நாம் குடிப்பதும் பிள்ளைகள் குடிப்பதும் அதுவே. இவ்வாறு ஊரின் உயிர் தங்கியுள்ள ஒன்றை, படிப்பை இடையில் விட்ட ஒருவர் கயிறும் கல்லும் கொண்டு 42 ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். டார்வின் தம் சுண்ணக்கற்களுக்குக் காத்திருந்தது 29 ஆண்டுகளே.

கொப்பியை நாம் புரட்டினோம். ஆவணிக் கணக்கு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டு போகின்றது. 1990 ஆம் ஆண்டின் பின் சில ஆண்டுகள் அது சிறிது மேலே வருகின்றது. ஏன் என்று கேட்டோம். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாகி, மோட்டர்கள் நின்றுவிட, சனங்கள் மறுபடி துலாவுக்குப் போன காலம் அது என்றார். ஒரு கிணற்றைக் கொண்டு குடாநாடு முழுவதற்கும் தீர்ப்புக் கூறுதல் தகாது என்பதை நாம் அறிவோம், அவரும் அறிவார். மழை கூடிய ஆண்டும் குறைந்த ஆண்டும் உண்டு என்று அவரே எச்சரித்தார். 1996 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு நேரே எண் இல்லை. ஒரு சிறு கோடு மாத்திரம் இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவர் குடும்பமும் தென்மராட்சிக்குச் சென்றது. கிணற்றடியில் எவரும் இல்லை. ஆயின் காணி உறுதியும் அடையாள அட்டைகளும் வைத்த பையிலே கொப்பிகளும் அவரோடு சென்றன. மீண்டு வந்த ஆண்டின் ஆவணியில் மறுபடி எண் தொடங்குகின்றது.

"இதை ஏன் எனக்கு விளக்கமாய் எழுதவில்லை?" என்றோம்.

"நீ எப்ப கேட்டனீ, மச்சான்?" என்றார்.

இனி எமது கருத்தைக் கூறுகின்றோம். வெளியூர் செல்லாதவரைக் கிணற்றுத் தவளை என்று இகழ்வது எம்மவர் வழக்கம். கிணற்றையே ஒழுங்காகப் பார்த்த தவளை எத்துணை அரிது என்பதை எவரும் எண்ணுவதில்லை. அதற்காகப் பயணம் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. இலண்டன் சென்று, டவுண் இல்லத்தின் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து நிற்காவிடின், எமது நண்பரின் ஒரு வரி எத்தகையது என்று எமக்கு ஒருநாளும் விளங்கியிராது. பிறநாடு எமக்குச் செய்த பேருதவி அதுவே: எமது ஒழுங்கையை நாம் முதன்முறையாகப் பார்க்கும்படி செய்தது. ஆயின் அவ்வுதவி கிடைக்க 26 ஆண்டுகள் சென்றன. நண்பர் கேட்டபோதே பாலத்தில் நின்று கீழே நோக்கியிருந்தால் அது ஒரே நாளிற் கிடைத்திருக்கும்.

பயணம் செய்தாலும் கேள்வியோடு செய்தவர் தமிழரில் இல்லாமலில்லை. ஏ. கே. செட்டியார் காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து, 1940 ஆம் ஆண்டு திரைக்குக் கொணர்ந்தார். அவருடைய பயண எழுத்து இன்றும் சுவை குன்றாதிருப்பதற்குக் காரணம், அவர் எங்குச் சென்றாலும் மனிதரைத் தேடிச் சென்றமையே என்பது எமது துணிபு. கட்டடங்களுக்கு அவர் அதிகம் இடங்கொடுப்பதில்லை.

டார்வினுக்குத் தந்தையார் தந்த செல்வம் இருந்தது, வயிற்றுக்கு உழைக்க வேண்டியிருக்கவில்லை, அவரை எமக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அதற்காகவே எமது நண்பரையும் உடன் கூறினோம். அவருக்கு இருந்தவை பத்துப் பரப்பும், ஒரு கயிறும், தாயார் சொன்ன ஒரு சொல்லும். இருவரையும் ஒப்பிட்டால் நண்பருக்குக் குறைவாயிருந்தது ஒன்றுதான். டார்வினுக்கு 2,000 பேர் கடிதம் எழுதினார்கள். எமது நண்பருக்கு எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். கணக்கும் பௌதிகமும் படித்துப் பட்டம் பெற்று உலகெங்கும் இருந்த அவருடைய வகுப்பினருள் ஒருவர், 'மழையளவையும் உடன் குறித்து வை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த 3 கொப்பிகளும் இன்று எத்துணைப் பயன் தந்திருக்கும்! ஒருவரும் எழுதவில்லை. கல்லூரியின் புதிய மண்டபத்துக்கு நன்கொடை அனுப்பினோம். அடிக்கல்லிற் பெயரும் பொறிக்கப்பட்டது.

இன்றைய நிலை சிறந்ததென்று கூறமுடியாது. ஒரே வகுப்பிற் படித்தவர்கள் கைத்தொலைபேசியிற் குழு அமைத்துள்ளனர். காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் நாள்தோறும் வந்து குவிகின்றன. ஐந்து கண்டங்களிலும் இருப்பவர்கள் ஒரு நொடியில் ஒருவரோடொருவர் பேச வல்ல இக்காலத்தில், ஒருவர் மற்றவரிடம் அவர் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதைக் காண்பது அரிதாயிருக்கின்றது. காசு அனுப்புவதற்கு எம்மிற் பலர் உளர். கேள்வி அனுப்புவோர் சிலரே.

விழாக் காலமாகையால் விண்ணப்பம் ஒன்று செய்ய எமக்கு உரிமை உண்டு. வளைவும் சிலையும் வேண்டுவோர் வேண்டுக. நாம் வேண்டுவது ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. தன் வீட்டைச் சூழ்ந்துள்ள ஏதேனும் ஒன்றை, கிணற்று நீரையோ, வேலிப் பூவரசிற் கூடு கட்டும் குருவியையோ, சந்தையில் மரவள்ளியின் விலையையோ, அம்மம்மா வழங்கும் வழக்கொழிந்த சொற்களையோ, ஓராண்டு முழுவதும் அவன் பார்த்துக் குறிக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் அவனுக்கு நண்பராக அமைந்து, மாதம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவன் கேட்கும் கேள்விக்கு, தாம் வாழும் ஊரைச் சென்று பார்த்து விடை கூறவும் வேண்டும். இப்பின்னதே கடினமானது. பரீட்சைக்கு இடையூறாகும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவர். வாரத்துக்குக் கால்மணி நேரம் போதும் என்று அவர்களுக்கு உறுதி கூறுகின்றோம். அடுத்த மலரிற் பயணக் கட்டுரைகளுக்குப் பதிலாக இக்கொப்பிகளின் பக்கங்கள் சில வெளிவருமாயின், அதனை முதல் ஆளாய் வாங்கிப் படிக்க நாம் காத்திருக்கின்றோம்.

நண்பரின் கேள்வி ஒன்று நிலுவையில் இருந்ததல்லவா? அன்று விடைபெறுமுன் அதற்கு விடை கூறினோம். இலண்டன் பாலத்தடியில், பெரு வெள்ளப் பெருக்கு நாட்களில், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 20 அடிக்கு மேல் வேறுபாடு உண்டு என்றோம். ஊர் திரும்பும் முன்னர்ப் பாலத்துக்குச் சென்று ஒரு பகல் முழுவதும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். அவர் வியந்தார், எமது கடலில் இரண்டு அடி ஏறுவதே அரிது என்றார். பின்பு மூன்றாவது கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேத்தியிடம் பேனையை வாங்கி, 33 ஆண்டு பிந்தி வந்த அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் எமது பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டார். 'அது எந்த மாதத்துக் கணக்கு?' என்று கேட்டார்.